தலைப்பின் படிநிலையும் நூலின் உறுப்பும்



நூலுக்கு உறுப்பு வகுத்தல் தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியம் 3 அதிகாரங்களும் 27 இயல்களும் உடையது. திருக்குறள் 3 பால்களும் 133 அதிகாரங்களும் உடையது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். தொல்காப்பியத்தில் அதிகாரம் இயலை அடக்கி நிற்கிறது. குறளின் உரைமரபிலோ இயல் அதிகாரத்தை அடக்கி நிற்கிறது. பெயர் ஒன்றாயினும் படிநிலை வேறு.

நூல்களைக் கணினியில் ஏற்றுவோர் முதலில் எதிர்கொள்ளும் சிக்கலும் இதுவே. 1969இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் கோல்ட்ஃபார்ப், மோஷர், லோரி ஆகிய மூவர் வகுத்த குறியீட்டு முறையின் வழியே, 1986இல் எஸ்.ஜி.எம்.எல். என்னும் அனைத்துலகத் தரம் பிறந்தது. அதன் வழிவந்த எச்.டி.எம்.எல். தலைப்புக்கு ஆறு படிகளை அமைத்தது. நூற்பெயர் முதற்படி, பால் இரண்டாம் படி என அடைவே இறங்குதல் முறை. எழுத்துச் சிறிதாக வேண்டுமென்று இரண்டிலிருந்து நான்குக்குத் தாவுவோரும் உளர். கண்ணுக்கு அது பிழையாகத் தோன்றாது. திரைவாசிப்பானின் துணையால் தலைப்புத் தலைப்பாகக் கடந்து பயிலும் பார்வையற்றவருக்கோ, இடையில் ஓர் உறுப்பு விடுபட்டதோ என்னும் ஐயம் எழும்.

மேலும், அத்தலைப்புக் குறி பகுதியின் பெயரைச் சொல்லுமேயன்றி அதன் முடிவைச் சொல்லாது. 1987இல் தொடங்கிய டி.இ.ஐ. என்னும் உரைக் குறியீட்டு நெறி, பகுதிக்கு ஒரு பேழை, அதனுள் பாட்டுக்கு ஒரு பேழை, அதனுள் அடிக்கு ஒரு பேழை என வகுத்தது. பேழைக்குள் பேழை அடங்கலாம். ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டலாகாது.

இவ்விதிக்குள் கவிதை முற்றும் அடங்குவதில்லை. சீர் நோக்கிச் சொல்லைப் பிளப்பதை வகையுளி என்பர் யாப்பு நூலார். சீரைப் பேழையாக்கினால் சொல் துண்டாகும். சொல்லைப் பேழையாக்கினால் சீர் சிதையும். அச்சுக் காலத்திலும் இவ்வழக்கு இருந்தது. மர்ரே எஸ். ராஜம் பதிப்புகள் பொதுமக்களுக்காகச் சந்தி பிரித்துப் பொருளை எளிதாக்கின. ஓசையை நாடுவோர் சீர்பிரித்த பதிப்புகளை நாடினர். அச்சுத்தாளில் இரண்டில் ஒன்றே இயலும். கணினியிலோ சீரைப் பேழையாக வைத்து, சொல்லின் எல்லைகளைப் புள்ளிகளாகத் தனியே குறித்து இரண்டையும் காக்கலாம்.

பகுப்பு என்பதும் ஒருவகை உரையே. அதிகாரத்துள் குறள்கள் நிற்கும் வரிசை மணக்குடவருக்கும் பரிமேலழகருக்கும் வேறுபடுகிறது. ஒருவர் வரிசையை மட்டும் ஏற்றி, அது யாருடையது என்று குறியாது விடின், மற்றவர் குரல் ஓசையின்றி மறையும்.

புதுக்கவிஞருக்கும் இதில் பங்குண்டு. பா முறிவை வெற்றிடத்தால் மட்டும் காட்டிய கவிதை, குறுகிய திரையில் தன் வடிவை இழக்கும். நீண்ட அடி மடிந்து ஈரடியாகத் தோன்றும். கவிஞர் முறித்த இடம் எது, திரை முறித்த இடம் எது என்பதைப் பின்வருவோர் அறியார். அடி எங்கே முடிகிறது என்பதைக் கவிஞரே குறித்துத் தருதல் வேண்டும். அவ்வுரிமையை எந்திரத்துக்கு விட்டுக்கொடுத்தல் தகாது.