சின்னத் தொப்பி, சீரான கண்ணி



மார்கழிக் குளிருக்கு முன் கூடலூர்ப் பச்சிளங்குழந்தைகளுக்கு உல்லன் தொப்பி பின்னுகிறோம். ஸதகாதானே என்று ஏனோதானோவெனப் பின்னினால், தாய்மார் அதை மடித்து வைத்துவிடுவார்கள்.

முதலில் மாதிரித் துண்டு பின்னி அளப்போம். பிறந்த குழந்தையின் தலைச்சுற்று சுமார் 35 செ.மீ. பின்னல் விரிந்து கொடுக்கும். ஆகவே 32 போதும். 10 செ.மீ.க்கு 20 கண்ணி வந்தால், 64 கண்ணி போடுவோம்.

நூலை இறுக்கியும் தளர்த்தியும் பிடிக்க வேண்டாம். புது நூலை வரிசையின் ஓரத்தில் சேர்ப்போம். நுனிகளை உள்பக்கம் கோத்து மறைப்போம். தொங்கும் நூல் பிஞ்சு விரலில் சுற்றிக்கொள்ளும். அலசியபின் முறுக்காமல், துண்டில் வைத்து அழுத்தி, நிழலில் பரப்பிக் காயவைப்போம்.

நம் பிள்ளைக்கு எது பிடிக்குமோ, அதையே பிறர் பிள்ளைக்கும் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.