மண்ணுள் மறைந்த காவலர்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஓங்கி வளர்ந்த மரத்தை அண்ணாந்து பார்த்து வியக்கின்ற நாம், அது நிற்கும் மண்ணைக் குனிந்து பார்ப்பது அரிது. மண்ணை உயிரற்ற சடப்பொருளென்றே எண்ணிவிடுகின்றோம். ஆனால், ஒரு தேக்கரண்டி நல்ல மண்ணிலே கோடிக்கணக்கான பற்றீரியங்கள் வாழ்கின்றன. அவற்றினிடையே பங்கசுக்களின் நுண்ணிய இழைகளும் பின்னிக் கிடக்கின்றன. கண்ணுக்குப் புலனாகாத இவ்வுயிர்களுக்கும், ஒரு காடு நெடுங்காலம் நிலைகுலையாது நிற்பதற்கும் உள்ள தொடர்பையே இன்று சிந்திக்க விரும்புகின்றோம்.

காட்டிலே மரங்கள் ஒளிக்கும் நீருக்கும் ஓயாது போட்டியிடுகின்றன. அங்ஙனமாயின், வலிய மரமொன்று ஏனையவற்றை ஒழித்துக் காடு முழுவதையும் தனதாக்கிக் கொள்ளாதிருப்பது ஏன்?

இதற்கு விடை காண நாம் பனாமா நாட்டுக்குச் செல்லல் வேண்டும். அங்கே கால்வாய் அமைப்பதற்காகச் சாக்ரெஸ் ஆற்றை மறித்தபோது பெரியதோர் ஏரி உண்டாயிற்று. நீரில் மூழ்காது எஞ்சிய குன்றொன்று பாரோ கொலராடோ என்னும் தீவாயிற்று. அத்தீவில் 50 ஹெக்டேயர் நிலத்தில் மட்டும் ஏறத்தாழ 300 வகை மரங்களும் செடிகளும் உள்ளன. அங்கு ஆறு வகை மரங்களின் கன்றுகளை வைத்து நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2010 இல் வெளிவந்தது. தன் இனமரத்தின் அடியிலிருந்து எடுத்த மண்ணின் நுண்ணுயிர்களோடு வளர்ந்த கன்று, பிற இனமரத்தடி நுண்ணுயிர்களோடு வளர்ந்த கன்றைவிட நலிந்திருந்தது. காட்டில் அருகிக் காணப்படும் இனங்களே இத்தீங்கினை மிகுதியாக அடைந்தன.

காரணம் யாது? ஒரு மரம் நெடுங்காலம் ஓரிடத்தில் நிற்கும்போது, அதன் இனத்தைத் தாக்கும் நோயுயிர்கள் அவ்வேரைச் சூழ்ந்து பெருகுகின்றன. தாயின் நிழலில் விழுந்த விதை மடிகின்றது. அவ்விடத்திலே வேறோர் இனம் தழைக்கின்றது. ஒரே தோட்டத்தில் ஆண்டுதோறும் ஒரே பயிரையிட்டால் நோய் மலியும் என்பதை நம் கமக்காரர் அறிவரன்றோ? அவர்கள் பயிரை மாற்றியிடுகின்றனர். காடோ தானே மாற்றிக் கொள்கின்றது. ஆகவே, பகையென நாம் கருதும் நுண்ணுயிரே பலவினங்களும் கூடிவாழக் காவல் நிற்கின்றது.

பகையோடு நட்பும் உண்டு. வேரோடு கூடிவாழும் பங்கசுக்கள் தூரத்து மண்ணிலுள்ள பொசுபரசைச் செடிக்கு ஈட்டிக் கொடுத்து, அது ஆக்கும் வெல்லத்திற் பங்கு பெறுகின்றன. இக்கூட்டுறவுக்கு 1885 இல் பிராங்க் என்னும் ஜேர்மன் அறிஞர் பெயரிட்டார். இப்பங்கசுகளின் வகை பெருகப் பெருகச் செடிகளின் வகையும் விளைவும் பெருகின என்று 1998 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. அடக்குவோரும் ஊட்டுவோரும் ஒருங்கே இருப்பதனாலேயே தாவரக் கூட்டம் நிலைபெறுகின்றது.

இனி, நாம் செய்வது யாது? காட்டை அழித்து, மேல்மண்ணை வாரி, எஞ்சியதை எரித்து, பின்னர் அவ்விடத்தில் நான்கு கன்றுகளை நட்டுவிட்டுக் கடமை முடிந்ததென மகிழ்கின்றோம். கன்றுகளை நட்டோம்; காவலரை அழைத்தோமா?

நெதர்லாந்து நாட்டிலே, மேல்மண் அகற்றப்பட்ட பழைய விளைநிலத்தில் வேற்றிடத்து மண்ணை மெல்லிய படையாகப் பரப்பினர். ஆறு ஆண்டுகளின் பின், புல்வெளி மண்ணிட்ட பகுதி புல்வெளியை நோக்கியும், குறும்புதர் நிலத்து மண்ணிட்ட பகுதி குறும்புதர் நிலத்தை நோக்கியும் வளர்ந்திருந்ததாக 2016 இல் அறிவித்தனர். ஒரு பிடி மண்ணுள் ஒரு நிலத்தின் எதிர்காலமே அடங்கியிருக்கின்றது.

ஆதலின் இளைஞர்களே, மரம் நடும் நாளில் மண்வெட்டியை ஓங்குமுன் சிறிது தயங்குங்கள். சருகைக் கொளுத்தாது மண்ணிலே மக்கவிடுங்கள். ஒரே இனத்தை வரிசையாக நடாது பலவினங்களையும் கலந்து நடுங்கள். எஞ்சியுள்ள காட்டின் மண்ணைக் கலைக்க எவரையும் விடாதீர்கள். மரத்தை வெட்டினால் மீண்டும் நடலாம். மண்ணின் உயிரை அழித்தால் அதனை மீட்க ஒரு தலைமுறையும் போதாது போகலாம்.