மலைக்காற்றும் மாத்திரையும்



ஒரு காலத்தில் காசநோய்க்கு நல்ல காற்று, ஓய்வு, சத்துணவு இவைதான் சிகிச்சை. வசதி படைத்தவர்கள் அதைத் தேடி மலையேறினார்கள். இந்தச் சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டக் கூலிகளாக உழைத்தவர்களுக்குக் காற்று இருந்தது; ஓய்வையும் சத்துணவையும் யார் கொடுத்தார்கள்?

1956இல் சென்னையில் ஒரு ஆய்வு தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சேர்ந்து நடத்தியது. அதாவது மக்கள் பணம். நெரிசலான வீட்டில் அரைவயிற்றோடு கிடக்கும் நோயாளியை அங்கேயே வைத்துக் குணப்படுத்த முடியுமா என்பதுதான் கேள்வி. ஏழைகள் ஒழுங்காக மாத்திரை சாப்பிடுவார்களா, குடும்பத்துக்கே தொற்றிவிடாதா என்ற சந்தேகம் இருந்தது. சேரியைப் பற்றிப் பேசும் இந்தத் தொனி நமக்குப் புதிதல்ல. 1959இல் முடிவு வந்தது. வீட்டில் மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள். வீட்டாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகமே சிகிச்சை முறையை மாற்றிக்கொண்டது.

அதில் முக்கிய மருந்து ஐசோனியாசிட். 1912இலேயே பிராகில் தயாரிக்கப்பட்ட பொருள் அது. காசநோயைக் குணமாக்கும் என்று தெரிந்தது 1950களின் தொடக்கத்தில். பழைய பொருள் என்பதால் யாரும் காப்புரிமை கோர முடியவில்லை. அதனால் மலிவாகக் கிடைத்தது.

2012க்கு முந்தைய நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காசநோய்க்குப் புதிய வகை மருந்தே வரவில்லை. கிருமி ஓயவில்லை. நோயாளியிடம் காசில்லை, அவ்வளவுதான். 2012இல் பெடாகுயிலின் வந்தது. அதன் ஆய்வுகளுக்கும் பொதுப்பணம் செலவாகியிருக்கிறது. ஆனால் காப்புரிமை ஜான்சன் அண்ட் ஜான்சனிடம் இருந்தது. இந்தியாவில் அதை 2027 வரை நீட்டிக்கக் கேட்டது. பழைய காசநோய் மருந்துகளால் செவித்திறன் இழந்த இரண்டு பெண்கள், மும்பையின் நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் பூமேசா டிசிலேயும் எதிர்த்தார்கள். 2023 மார்ச்சில் காப்புரிமை அலுவலகம் அந்த விண்ணப்பத்தை நிராகரித்தது. போட்டி வந்ததும் சில மாதங்களிலேயே விலை சரிந்தது.

லாபம் இல்லாவிட்டால் ஆராய்ச்சி ஏது என்கிறார்கள். லாபம் தேடும் ஆராய்ச்சி வாங்கக்கூடியவரின் நோயைத்தான் தேடிப் போகும். சென்னை ஆய்வு ஏழையின் வீட்டைத் தேடிப் போனது. ஆகவே நம் கோரிக்கை இரண்டு: எளிய மக்களின் நோய்களுக்கான ஆராய்ச்சிக்கு அரசு நேரடியாக நிதி ஒதுக்க வேண்டும்; பொதுப்பணத்தில் உருவாகும் மருந்தின் விலையை மக்கள் நலன் தீர்மானிக்க வேண்டும். இது சலுகை அல்ல, உரிமை.