முதற்பாடத்துக்கு முன்

சனிக்கிழமை மாலை ஏழரை மணி. பருத்தித்துறையில் ஆசிரியை ஒருவர் கணினியின் முன் அமர்ந்திருக்கிறார் எனக் கொள்வோம். ரொறன்ரோ நகரில் அப்போது காலை ஒன்பது மணி, பனிக்காலம். அங்குள்ள பத்து வயதுச் சிறுமி ஒருத்திக்கு இணையவழியே தமிழ் கற்பிக்கும் முயற்சி அன்றுதான் தொடங்குகின்றது. இத்தகைய முதற்பாடத்துக்கு ஆசிரியர் எவ்வாறு ஆயத்தஞ் செய்தல் வேண்டும்?

கருவி புதிது; வினா பழையது. காலமும் இடமும் அறிந்து, சொல்லும் பொருளை முன்னரே உள்ளத்தில் ஒழுங்குபடுத்தி, விரைவும் வெகுளியும் இன்றி, மாணாக்கர் ஏற்கும் வகை நோக்கிக் கற்பிக்க வேண்டும் என்பது நன்னூல் வகுத்த நெறி. அந்நூலுக்குக் காண்டிகையுரை செய்தவர் நல்லூர் ஆறுமுக நாவலர். அவர் பேர்சிவல் பாதிரியாருக்குத் தமிழாசிரியராகவும், விவிலிய மொழிபெயர்ப்பில் துணைவராகவும் விளங்கினார். 1848ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். சிறுவர்க்கெனப் பாலபாடங்களைப் படிமுறையாக எழுதியவரும் அவரே. கற்போர் வேறுபடின் பாடமும் வேறுபடல் வேண்டும் என்பதற்கு அவரது பணியே சான்று.

முதலிற் காலம். இலங்கையில் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இல்லை; ரொறன்ரோவிலோ மார்ச் மாதத்திலும் நவம்பர் மாதத்திலும் மாற்றுவர். ஆகவே பத்தரை மணி வேறுபாடு கோடையில் ஒன்பதரை ஆகும். இதனை முன்னரே சொல்லிவையாவிடின் ஒருவர் ஒரு மணி நேரம் வீணே காத்திருக்க நேரும்.

அடுத்தது மாணாக்கரை அறிதல். இச்சிறுமி தமிழே அறியாதவள் அல்லள். வீட்டிற் சொல்வதை விளங்கிக்கொள்வாள். மறுமொழி மட்டும் ஆங்கிலத்தில் வரும். எனவே ஆசிரியை பாடத்துக்கு முன் தாயாருடன் கதைத்து, அவ்வீட்டில் வழங்குஞ் சொற்களைக் கேட்டறிதல் நன்று. தமிழகத்திற் பேசுதல் என்பது உரையாடுதல். யாழ்ப்பாணத்து வீடுகளிலோ, "அம்மா பேசினவ" என்றால் அம்மா ஏசினார் என்றே பொருள்படும். "இன்று தமிழிற் பேசுவோம்" என்று தொடங்கினாற் பிள்ளை திகைக்கக்கூடும். "கதைப்பம், வாரும்" என்றால் முகம் மலரும்.

ஒலிப்பிலும் அவளிடம் ஒரு முதல் உண்டு. "காற்று" என்னுஞ் சொல்லின் றகரத்தை யாழ்ப்பாணத்தார் நுனிநாவை மேற்பல்லின் பின்னுள்ள ஈற்றில் ஒற்றி ஒலிப்பர். ஆங்கிலத்தில் அவள் தன் நகரின் பெயரைச் சொல்லும்போது முதலில் எழும் ஒலியும் ஏறக்குறைய அவ்விடத்திலேயே பிறக்கின்றது. தமிழகத்து மாணவர் பலருக்கு அரிதான ஒலி இவளுக்கு எளிது. இதனை எடுத்துக் காட்டினால், "எனக்கு ஒன்றும் தெரியாது" என்ற அச்சம் நீங்கும். இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளும் சற்றுப் பொறுத்திருக்கலாம்.

விரைவின்மை இணையத்தில் இன்னும் இன்றியமையாதது. ஒலி சிறிது பிந்தியே சென்று சேரும். மறுமொழியும் பிந்தியே வரும். அந்த மௌனத்தை அறியாமை எனக் கருதி ஆசிரியை தாமே விடை சொல்லிவிடலாகாது. இடையில் ஆங்கிலச் சொல் கலந்தால் அதனைக் கடிதலும் ஆகாது. கூச்சம் ஒருமுறை புகுந்துவிட்டால் வாய் திறப்பது அரிது.

இத்தனையும் எதற்காக? சாவகச்சேரியில் ஓர் அம்மம்மா இருக்கிறார். ஞாயிறுதோறும் தொலைபேசியில் அழைப்பார். "சுகமா?" என்பார், "ஓம்" என்பாள் பேர்த்தி. பின்னர் தொலைபேசி தாயின் கைக்குப் போய்விடும். பாட்டிக்கும் பேர்த்திக்கும் இடையே அன்பு குறைவில்லை, சொல்தான் இல்லை.

ஆதலின் முதற்பாடத்தின் இலக்கு ஒரே ஒரு வினாவாக இருக்கட்டும்: "அம்மம்மா, இண்டைக்கு என்ன சமைச்சனீங்கள்?" மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவ்வினாவை அவள் தானே கேட்பாளாயின், முதற்பாடம் நன்றாக நடந்தது எனலாம். அம்மம்மாவின் விடை நீண்டதாகவே இருக்கும். அதிலிருந்து இரண்டாம் பாடத்தைத் தொடங்கலாம்.