முதல் மலம் வராத குழந்தை

பிறந்த குழந்தை இரண்டு நாளுக்குள் கரும்பச்சையாய், பிசுபிசுப்பாய் முதல் மலம் போய்விட வேண்டும். போகாமல் வயிறு உப்பி, பச்சையாக வாந்தி எடுத்தால் வசம்பு உரசிக் கொடுத்துப் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். அது ஹிர்ஷ்ஸ்ப்ருங் நோயாக இருக்கலாம். ஏறத்தாழ 5,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது. ஆண் குழந்தைகளுக்கே அதிகம்.

1886-இல் கோபன்ஹேகன் மருத்துவர் ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்ப்ருங், பெருங்குடல் பெரிதாக வீங்கி இறந்த இரண்டு குழந்தைகளைப் பற்றிச் சொன்னார். வீங்கிய இடத்தில்தான் கோளாறு என்று வெகுகாலம் நினைத்தார்கள். உண்மையில் கோளாறு அதற்குக் கீழே, பார்க்க ஒழுங்காகத் தெரிகிற பகுதியில். அங்கே குடலை அசைக்கும் நரம்பணுக்கள் கருவிலேயே வந்து சேரவில்லை. மலம் தேங்கி மேல்குடல் வீங்குகிறது. 1948-இல் அறுவை மருத்துவர் ஆர்வர் ஸ்வென்சன் நரம்பணுக்கள் இல்லாத பகுதியை நீக்கி, நல்ல குடலை ஆசனவாய்க்கு இழுத்துத் தைக்கும் முறையை வெளியிட்டார்.

அறுவைக்குப் பின் பெரும்பாலான குழந்தைகள் நன்றாக வளர்கிறார்கள். சிலருக்கு மலச்சிக்கல் தொடரும்; சிலருக்கு உள்ளாடையில் மலம் கசியும். அதற்காக அவர்களைத் திட்டாதீர்கள், அது சோம்பலல்ல. வயது ஏற ஏறப் பலருக்குக் கட்டுப்பாடு வந்துவிடும்.

பெரிய ஆபத்து குடல் அழற்சி. அறுவைக்குப் பின்னும் வரும். காய்ச்சல், வயிறு உப்புசம், கடும் நாற்றத்துடன் பேதி என்றால் சாதாரண வயிற்றுப்போக்கு என்று விட்டுவிடாமல், இரவானாலும் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். பழைய அறுவைச் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.