நீதியாசனமும் பொதுமக்கள் நம்பிக்கையும்

மூதூரிலிருந்து வழக்கொன்றின் பொருட்டுத் திருகோணமலை மேல் நீதிமன்றத்தின் படியேறும் கமக்காரர், ஆசனத்தில் அமர்ந்திருப்பவரை நியமித்தவர் யார் என்று விசாரிப்பதில்லை. அந்த நீதிபதி எவருடைய தயவுக்கும் கடமைப்பட்டவரல்லர் என்று நம்பியே அவர் படியேறுகிறார். அந்நம்பிக்கை எவ்வாறு ஆட்டங்காணும் என்பதை 2014 ஆம் ஆண்டில் இந்தியாவில் நிகழ்ந்த ஒரு சம்பவம் நன்கு காட்டுகின்றது.

அவ்வாண்டு, பிரதம நீதியரசர் ஆர். எம். லோதா தலைமையிலான நீதியரசர் குழு, உச்ச நீதிமன்றத்துக்கு நால்வரின் பெயர்களை விதந்துரைத்தது. புதிதாகப் பதவியேற்றிருந்த அரசாங்கம் மூவரை ஏற்றுக்கொண்டது. முன்னாள் சொலிசிட்டர் ஜெனரல் கோபால் சுப்பிரமணியத்தின் பெயரை மாத்திரம் பிரித்து மீள்பரிசீலனைக்கு அனுப்பியது. அவரோ யூன் மாதத்தில் தமது சம்மதத்தை மீளப்பெற்றுக்கொண்டார். குஜராத்தின் சொராபுதீன் கொலை வழக்கில் நீதிமன்றத்துக்குத் துணைநின்ற தமது சுயாதீனமே இதற்குக் காரணம் என்றார்.

எதிர்க்கட்சியாகிய காங்கிரஸ் இதனைப் பழிவாங்கல் என்றது. நீதித்துறையைத் தாம் பெரிதும் மதிப்பதாக அரசாங்கம் மறுமொழி கூறியது. பெயரைப் பிரித்தது தமக்குத் தெரியாமலும் தமது சம்மதமின்றியும் நடந்ததென நீதியரசர் லோதா பகிரங்கமாகவே வருந்தினார்.

ஆயினும், அடுத்து நிகழ்ந்ததே சிந்திக்கத்தக்கது. இவ்வாறு மோதிய இரு கட்சிகளும், அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், நீதிபதிகள் நியமனத்துக்குப் புதிய ஆணைக்குழுவொன்றை அமைக்கும் சட்டத்தை நாடாளுமன்றத்தில் ஒன்றாக ஆதரித்தன. 2015 ஒக்டோபர் 16 ஆம் திகதி உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாதென்றது. ஒருவரின் பெயரைக் குறித்து எழுந்த ஆரவாரம் அடங்கிற்று. தெரிவுக்கும் நிராகரிப்புக்குமான காரணங்களை உரிய காலத்தில் வெளிப்படையாகக் கூறும் முறை மாத்திரம் அப்போதும் பிறக்கவில்லை.

இலங்கையின் அனுபவமும் இதற்குத் தொலைவானதன்று. உயர் நீதிமன்ற நியமனங்களுக்கு அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரம் வேண்டுமென 2001 இல் 17 ஆம் திருத்தம் விதித்தது. 2010 இல் அது நீக்கப்பட்டது. 2015 இல் மீண்டது. 2020 இல் மறுபடியும் நீங்கிற்று. 2022 இல் 21 ஆம் திருத்தத்தால் திரும்ப வந்தது. அதிகாரம் கைமாறுந்தோறும் விதியும் மாறிற்று.

எதிர்க்கட்சியில் இருக்கும்போது வேண்டிய கட்டுப்பாட்டை, ஆட்சிக்கு வந்தபின்னும் ஏற்பவரே நீதியை மதிப்பவராவர். மூதூர்க் கமக்காரர் ஆட்சி மாறும்வரை காத்திருந்து வழக்குப் பேசுபவரல்லர். எந்த ஆட்சியிலும் ஒரே அளவுகோலால் தெரிந்தெடுக்கப்பட்ட நீதிபதியின் முன் நிற்பது அவருடைய உரிமையாகும்.