மாசி மகத்தன்று நம் மாணவர்கள் எங்கே?

(குறுவள மையக் கூட்டம் ஒன்றில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இருளர் குடியிருப்புகள் உள்ள ஊர்களில் பணியாற்றும் ஆசிரியர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். மாசி மகத்தை ஒட்டி இரண்டு மூன்று நாள் அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கு வருவதில்லை. நான் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்த புதிதில், திரும்பி வந்தவர்களை நிற்க வைத்துக் கேட்பேன். "கடலுக்குப் போனோம் டீச்சர்" என்பார்கள். "மூணு நாளா கடலையே பார்த்துக்கிட்டு இருந்தீங்களா?" என்று கேட்டு வகுப்பைச் சிரிக்க வைத்திருக்கிறேன். இன்று அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி பொங்கல் விடுமுறைக்குப் பிறகு வரவில்லை. வீடு தேடிப் போனேன். வாசலில் ஓலைத் தட்டியை வைத்துக் கட்டியிருந்தார்கள். செங்கல் சூளைக்குப் போய்விட்டார்கள் என்றார்கள். எந்தச் சூளை என்று யாருக்கும் தெரியவில்லை. எமிஸில் இருந்த கைபேசி எண் வேலை செய்யவில்லை. இடைநின்றவர் பட்டியலில் அவள் பெயரை எழுத வேண்டிய நிலை. அப்போது அதே குடியிருப்பைச் சேர்ந்த ஆறாம் வகுப்புப் பையன் சொன்னான்: "மாசி மகத்துக்கு மாமல்லபுரம் வருவாங்க டீச்சர். எங்க வேலைக்குப் போயிருந்தாலும் வந்துருவாங்க."

கணவரையும் மகளையும் அழைத்துக்கொண்டு போனேன். மாலைப் பேருந்தில் திரும்புவதாகத் திட்டம். கடற்கரையில் இறங்கியதும் அது முடியாது என்று தெரிந்துவிட்டது.

மணல் முழுவதும் கூடாரங்கள். நான்கு சவுக்குக் கழிகளை நட்டு, சுற்றிலும் சேலையைக் கட்டி, மேலே தார்ப்பாய் போட்டால் ஒரு குடும்பத்துக்கு வீடு. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் எனப் பல மாவட்டங்களிலிருந்து வந்திருந்தார்கள். அரிசி, பாத்திரம், விறகு, கைக்குழந்தை எல்லாம் கூடவே வந்திருந்தன. மூன்று கல் வைத்த அடுப்புகளில் சோறு கொதித்தது. அத்தனை கூட்டத்தில் சின்னஞ்சிறு பிள்ளைகள் தங்கள் இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்த்தேன். அம்மாவின் சேலை நிறம்தான் முகவரி.

அந்தப் பையனின் ஆயா எங்களுக்கும் ஒரு தார்ப்பாய் கட்டிக் கொடுத்தார். நாங்கள் தண்ணீருக்குப் பக்கமாக இடம் பிடித்திருந்தோம். "இன்னிக்குப் பௌர்ணமிம்மா, ராத்திரி அலை மேல ஏறும். கிளிஞ்சல் ஒதுங்கிக் கிடக்குது பாரு, அதுக்கு இந்தாண்ட வா" என்றார். ஞாயிறும் பூமியும் நிலவும் ஒரே நேர்கோட்டில் வரும்போது உயர் ஓதம் ஏற்படும் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் படம் வரைபவள் நான். பாயை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனேன்.

இரவில்தான் அவளைப் பார்த்தேன். தம்பியை இடுப்பில் வைத்திருந்தாள். என்னைக் கண்டதும் சேலைத் தடுப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். பள்ளியைப் பற்றி நான் பேசவில்லை. அவள் அம்மா சோறு போட்டார், சாப்பிட்டோம். பிறகு அவரே சொன்னார்: "மேஸ்திரிகிட்ட முன்பணம் வாங்கிட்டோம் டீச்சர். கழியற வரைக்கும் அங்கதான். இதுக்கு மட்டும்தான் மூணு நாள் கேட்டு வந்தோம்." தம்பியைப் பார்த்துக்கொள்ள இவள் வேண்டும். ஊரில் தனியே விட்டு வைக்கவும் பயம்.

விடியலில் கன்னியம்மனை அழைத்தார்கள். கோபித்துக்கொண்டு கடலுக்குப் போன அம்மனை வீட்டுக்குத் திரும்பக் கூப்பிடுவதாக நம்பிக்கை. மணலில் ஏழு படி கட்டி, பூ, தேங்காய், வெற்றிலை வைத்தார்கள். சாமி வந்து ஆடியவர்களிடம் ஆண்டு முழுவதுக்குமான வாக்குக் கேட்டார்கள். அங்கேயே திருமணங்கள் நடந்தன. குழந்தைகளுக்கு மொட்டை அடித்து, காது குத்தினார்கள். நான் ஏளனம் செய்த மூன்று நாள் இதுதான். சூளை, அரிசி ஆலை, சவுக்குத் தோப்பு என்று சிதறிக் கிடக்கும் உறவெல்லாம் ஒரே இடத்தில் கூடும் இரவு.

புறப்படும் முன் அவள் அப்பாவிடம் சூளை இருக்கும் ஊரை எழுதி வாங்கிக்கொண்டேன். மறுநாள் எங்கள் தலைமை ஆசிரியர் அந்த ஊர்ப் பள்ளியின் தலைமை ஆசிரியரிடம் பேசினார். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு நமக்குத் தெரிந்ததே. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது. எமிஸ் பதிவை மாற்றிக் கொடுத்தோம். தம்பியைப் பக்கத்து அங்கன்வாடியில் விட்டுவிட்டு அவள் அந்தப் பள்ளிக்குப் போனாள். ஜூனில் எங்களிடம் திரும்பி வந்து எட்டாம் வகுப்பில் உட்கார்ந்தாள்.

அதே சூளையில் இன்னொரு பையன் இருந்தான், பதின்மூன்று வயது. அவனையும் சேர்க்க முயன்றோம். அவன் தூக்கும் கல்லையும் கணக்கில் வைத்துத்தான் அப்பா முன்பணம் வாங்கியிருந்தார். புகார் கொடுத்தோம். அலுவலர்கள் வந்து பார்ப்பதற்குள் அந்தக் குடும்பம் வேறு இடத்துக்குப் போய்விட்டது. அடுத்த மாசி மகத்துக்கும் போய்த் தேடினேன். அவன் கிடைக்கவில்லை.

உங்களிடம் கேட்பது இரண்டுதான். பொங்கலுக்கு முன்பே, எந்தக் குடும்பம் எந்த ஊருக்கு வேலைக்குப் போகிறது என்று கேட்டு எழுதி வையுங்கள். போன பிறகு தேடுவதைவிட அது எளிது. பொங்கலுக்கு முன் தவறவிட்டவர்களைத் தேட, மாசி மகத்தன்று கடற்கரைக்கு வாருங்கள். முடிந்தால் ஓர் இரவு குடும்பத்தோடு தங்குங்கள். ஓலைத் தட்டி கட்டிய வாசல்களில் நின்று கேட்டுக் கிடைக்காத விவரங்கள் எனக்கு அங்கே சோறு சாப்பிடும்போது கிடைத்தன.

பிள்ளைகள் திரும்பி வந்ததும் இப்போது நான் நிற்க வைப்பதில்லை. கூடாரத்தை எங்கே போட்டீர்கள், அலை எதுவரை வந்தது என்று கேட்கிறேன். ஓதங்கள் பாடத்தை அன்றுதான் நடத்துகிறேன். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகள் அன்று கரும்பலகைக்கு வந்து கோடு போட்டுக் காட்டுகிறார்கள்.

வரும் ஆண்டும் போகிறேன். அந்தப் பையனைத் தேட வேண்டும். உங்களில் சிலர் கூட வந்தால் இன்னும் நான்கு பிள்ளைகளைப் பார்க்கலாம்.